சாக்ரடீஸ் அப்படிச் சொல்லவில்லை

"இக்காலப் பிள்ளைகளுக்குச் சொகுசுதான் பிடிக்கிறது, பெரியவர்கள் வந்தால் எழுந்திருப்பதில்லை, ஆசிரியர்களை ஆட்டிப்படைக்கிறார்கள் – சாக்ரடீஸ்." வாட்ஸ்அப்பில் தாடிக்காரச் சிலையின் படத்தோடு சுற்றும் செய்தி இது.

இது சாக்ரடீஸ் சொன்னதல்ல. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய சீடர்களான பிளேட்டோவும் செனஃபோனும் அவரைப் பற்றி எழுதியவற்றில் இந்த வாசகம் இல்லை.

எழுதியவர் கேம்பிரிட்ஜில் படித்த கென்னத் ஜான் ஃப்ரீமன். பண்டைய கிரேக்கக் கல்வி குறித்த அவருடைய ஆய்வுரை, 'ஸ்கூல்ஸ் ஆஃப் ஹெல்லாஸ்' என்ற பெயரில் 1907-இல் நூலாக வந்தது. அந்தக் காலப் பெரியவர்களின் புலம்பல்களைத் தன் சொந்த நடையில் அவர் தொகுத்துத் தந்த பத்திதான், பிற்பாடு வெட்டி ஒட்டப்பட்டு சாக்ரடீஸ் தலையில் விழுந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நூல் இலவசமாகவே கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அப்படிப் புலம்பியது யார்? ஒருவர் அரிஸ்டோஃபனீஸ். கி.மு. 423-இல் மேடையேறிய அவருடைய 'மேகங்கள்' நாடகத்தில் ஒரு பாத்திரம், அந்தக் காலப் பையன்கள் பந்தியில் முள்ளங்கியைப் பாய்ந்து எடுக்க மாட்டார்கள், கால் மேல் கால் போட மாட்டார்கள் என்று பெருமூச்சு விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இளைஞர்களைக் கெடுப்பவராக அதே நாடகம் கிண்டல் செய்வதே சாக்ரடீஸைத்தான்! கி.மு. 399-இல் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்றும் அதுவே.

பிளேட்டோவின் 'குடியரசு' எட்டாம் பகுதியில், ஆசிரியர் மாணவருக்கு அஞ்சுவதாக சாக்ரடீஸ் பேசுவது உண்மைதான். ஆனால் அது கட்டற்ற மக்களாட்சி எப்படிச் சீர்குலையும் என்ற வாதத்தில் வருவது, வாசகமும் வேறு.

அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.