சாயங்காலம் ஏழு மணிக் கணக்கு

"இந்த ஊருக்கு எத்தனை கிலோவாட் சோலார் போட்டால் போதும்?" மின்சாரம் எட்டாத கிராமங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். என்னைக் கேட்டால், திட்டங்கள் சறுக்கத் தொடங்குவதே இங்கேதான். அந்த ஊர் மின்சாரத்தை எந்த நேரத்தில் கேட்கும், எதற்காகக் கேட்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். கிலோவாட் அதற்குப் பிறகு.

பேனல் அள்ளிக் கொடுப்பது நண்பகலில். பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கும் நேரம் அது. பொழுது சாய்ந்து விளக்கு, மின்விசிறி, டிவி, செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்போது பேனலிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. பேட்டரியை மட்டும் வைத்து இதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தாலும் தாங்குகிற பேட்டரி என்றால், ஆண்டின் பெரும்பகுதி அதில் பாதிக்குக்கூட வேலை இருக்காது. லெட் ஆசிட் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலியாக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கி வைக்க வேண்டியிருக்கும். திட்டப் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

சூரியன், காற்று, ஓடை நீர், சாணம், உமி என்று ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கலப்பு முறையை நான் வலியுறுத்துவது இதனால்தான். மேகம் மூடும் பருவத்தில் பல இடங்களில் காற்று நன்றாக வீசும், ஓடையில் தண்ணீர் பெருகும். சாணத்துக்கும் உமிக்கும் வெயில் வேண்டியதில்லை. ஒன்று படுத்துக்கொள்ளும்போது இன்னொன்று எழுந்து நின்றால் பேட்டரி சிறியதாகிவிடும். கலப்பின் முழு லாபமும் இதில்தான் இருக்கிறது.

ஆனால் 'பல இடங்களில்' என்றுதான் சொன்னேன், எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். பக்கத்து மலையில் நன்றாகச் சுற்றுகிறதே என்று இங்கேயும் ஒரு காற்றாலையை நட்டுவிட முடியாது. ஓராண்டாவது அந்த இடத்திலேயே, அந்த உயரத்திலேயே காற்றை அளந்து பார்க்க வேண்டும். உமியை எரிவாயுவாக்கும் கலனில் தார் படியும், விடாமல் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாத ஊரில் அதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

டீசல் ஜெனரேட்டர் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆண்டில் சில மோசமான நாட்களுக்காக மட்டும் பேட்டரியையும் பேனலையும் இரட்டிப்பாக்குவதைவிட, ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கையிருப்பாக வைப்பதே சரி என்பேன். அதையும் நான்கு விளக்குக்காக இரவு முழுக்க ஓட்டக்கூடாது. குறைந்த லோடில் ஓடினால் எரிபொருள் வீண், எஞ்சினில் கரி பிடிக்கும். நல்ல லோடில் சில மணி நேரம் ஓட்டி, பேட்டரியை ஏற்றிவிட்டு நிறுத்திவிட வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே எக் (Eigg) என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பெரிய மின்தொகுப்போடு அதற்குத் தொடர்பே கிடையாது. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓடிய அந்தத் தீவில், 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துச் சொந்த மின்வலை அமைத்தார்கள். நிறுவனம் தீவு மக்களுடையது. அங்கேயே வாழ்கிறவர்கள் பயிற்சி பெற்றுப் பராமரிக்கிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, தொழில் இடங்களுக்கு 10 கிலோவாட் வரை. மிஞ்சும் மின்சாரம் பொதுக் கட்டடங்களைச் சூடாக்கப் போகிறது. மழை குறைந்து ஓடை இளைக்கும் கோடையில் பேனல்கள் கைகொடுக்கின்றன. நான் திரும்பத் திரும்ப வியப்பது அந்த 5 கிலோவாட் விதியைத்தான். யாரும் மேலிருந்து திணித்ததல்ல, எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர்களே பேசி ஏற்றுக்கொண்டது.

பீகாரின் தர்னாய் கிராமத்துக் கதை வேறு மாதிரி. அங்கே 2014இல் 100 கிலோவாட் சோலார் மின்வலை வந்தது. பல ஆண்டு இருட்டில் கிடந்த ஊர் அது. ஆனால் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊரார் 'உண்மையான மின்சாரம் வேண்டும்' என்று கேட்டார்கள். விரைவிலேயே அரசின் மின்கம்பி வந்தது, அதுவும் மலிவாக. சில ஆண்டுகளில் சோலார் அமைப்பு செயலற்றுப் போனது. அந்த மக்கள் நன்றியில்லாதவர்கள் என்று பேசுவதை என்னால் ஏற்கவே முடியாது. அவர்கள் கேட்டது நியாயம். நகரத்தில் இருப்பவன் ஃபிரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம், கிராமத்தில் இருப்பவனுக்கு இரண்டு பல்பு போதும் என்பது என்ன கணக்கு?

மின் அணுகலை அளக்க 2015இல் உலக வங்கி வெளியிட்ட அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. நாளுக்கு 4 மணி நேரம், அதில் மாலையில் ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் முதல் படி. ஐந்தாம் படிக்கு 23 மணி நேரம். முதல் படியில் நிற்பவரையும் ஐந்தாம் படியில் நிற்பவரையும் ஒரே பட்டியலில் 'மின்சாரம் பெற்றவர்' என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது. மாவு அரைக்கும் மோட்டார், தண்ணீர் பம்பு, தையல் எந்திரம், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி இவை ஓடினால்தான் ஊருக்கு வருமானமும் உடல்நலமும் வரும். இவற்றில் பலவற்றை நண்பகலில் ஓட்டலாம் என்பதால் பேட்டரிக்கும் சுமை குறையும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும், இல்லையேல் மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்ட்டர் வேண்டும். இதை முதல் நாளே கணக்கில் சேர்க்காமல் விட்டால் மில் போட்ட அன்றே ஊர் முழுக்க இருட்டாகும்.

இன்னொன்றும் முதல் நாளே செய்ய வேண்டும். கம்பி, கம்பம், மீட்டர், மின்னழுத்தம் எல்லாம் அரசு மின்தொகுப்பின் தரத்திலேயே இருக்கட்டும். நாளை பெரிய கம்பி ஊருக்குள் வந்தால் கிராமத்து அமைப்பு அதோடு இணைந்து, பகலில் மிஞ்சுவதைக் கொடுத்து, கரண்ட் போகும் நேரத்தில் தனியாக ஓடட்டும். அதற்கான அனுமதியும், கொடுத்த யூனிட்டுக்கு என்ன விலை என்பதும் திட்ட ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், பேனல் லாரியில் ஏறுவதற்கு முன்பே.