சத்தமே போடலீங்களே ஐயா

(ஹட்டன் டவுனைத் தாண்டி டிக்கோயா ரோட்டில் இறங்குகிறது ஒரு திரீவீல். பின்சீட்டுக்குப் பின்னால் சப்வூஃபர் பெட்டி. அது விட்டுக்கொடுத்த இடத்தில்தான் ஆள் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவர் ஆறுமுகம், தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்), கொழுந்து உருட்டும் ரோலர் ரூமிலேயே காலத்தைத் தள்ளி பென்ஷனில் வந்தவர். கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறார். ஓட்டுவது பக்கத்து லயத்து ரவி.)

ரவி: மாமா, காது எப்பிடி?

ஆறுமுகம்: நான் எப்பவும் சாதுதானேடா!

ரவி: காது! காது!

ஆறுமுகம்: மொதல்ல அந்தப் பெட்டியோட வாய மூடு. கை நீட்டினா தொடுற தூரத்துல இருக்கேன், எங்கிட்ட நீ தொண்ட கிழிய கத்துற. அப்பிடி கத்தணும்னா அந்த எடத்துச் சத்தம் காதுக்கு ஆகாதாம். காது டெஸ்ட் எடுத்த மிஸ் சொல்லிச்சு.

ரவி: (மனசில்லாமல் குறைக்கிறான்) டெஸ்ட் பாஸா, ஃபெயிலா?

ஆறுமுகம்: கண்ணாடி வச்ச ஒரு சின்ன ரூமுக்குள்ள உக்கார வச்சு, காதுல ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டன குடுத்தாங்க. சத்தம் கேக்கிறப்பல்லாம் அமத்துங்கன்னாங்க. நானும் அமத்துறேன், அமத்துறேன், வெரல் நோக அமத்துறேன்.

ரவி: அப்ப காது சூப்பர்னு சொல்லுங்க!

ஆறுமுகம்: கதவத் தொறந்துக்கிட்டு வந்து அந்த மிஸ் சொல்லுது, "நான் இன்னும் சத்தமே போடலீங்களே ஐயா!"

ரவி: அப்ப நீங்க எதுக்கு அமத்துனீங்க?

ஆறுமுகம்: ரோலர் ரூம்ல இருந்து கூடவே வந்த கொய்ங்குதான். வேலைய விட்டு நான் நின்னுட்டேன், அது நிக்கல.

ரவி: எனக்கும் திருவிழா முடிஞ்ச ராத்திரி அப்பிடித்தான் இருந்திச்சு. ஸ்பீக்கருக்கு நேரா நின்னு ஆடினோம்ல. விடிஞ்சதும் போயிருச்சு. பாட்டு நல்லா இருந்தா அப்பிடித்தான்னு நெனச்சேன்.

ஆறுமுகம்: அது காது அழுவுற சத்தம்டா. விடிஞ்சதும் போயிருச்சுன்னு நம்பி நம்பித்தான் நானும் ரோலர் பக்கத்துல நின்னேன். ஒருநாள் போகாமத் தங்கிருச்சு.

ரவி: சரி, மாமி ஒண்ணு சொல்லிச்சே. தோட்டத்துத் தொரை கூப்பிட்டா ஓடுறீங்களாம், மாமி கூப்பிட்டா அசையிறதே இல்லியாம்.

ஆறுமுகம்: அதுக்குத்தான் டெஸ்ட் தாளு வாங்கியாந்திருக்கேன். இந்தா பாரு. கோடு இங்க வரைக்கும் ஒழுங்கா வருது. 4000ல பொதுக்குன்னு எறங்குது பாத்தியா?

ரவி: 4000 ரூவாவா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயா?

ஆறுமுகம்: ஹெர்ட்ஸ்டா! கீச்சுச் சத்தத்துக் கணக்கு. மெஷின் சத்தம் மொதல்ல தின்னுறது அந்த எடத்தத்தானாம். தொரைக்கு கட்டக் குரலு, கேட்டுருது. பொம்பளைங்க, புள்ளைங்க குரல்தான் மாட்டிக்கிருது. மாமி பேசுறது கேக்குது, என்ன பேசுதுன்னு வெளங்காது.

ரவி: அந்தத் தாள்ல எனக்கும் ஒரு ஃபோட்டோ கொப்பி வேணும் மாமா. நாளைக்குக் கல்யாணம் கட்டினா ஒதவும்.

ஆறுமுகம்: சொந்தத் தாளே வரும், பொறு. சத்தத்த டெசிபெல்லுலதான் அளப்பாங்க. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்னா 85 டெசிபெல் வரைக்குந்தான் காது தாங்குற கணக்கு. அதுக்கு மேல 3 கூடினா எவ்வளவு நேரம் கொறையும் சொல்லு?

ரவி: 3தானே? ஒரு அஞ்சு நிமிஷம்?

ஆறுமுகம்: பாதி! 88க்கு நாலு மணித்தியாலம். 91க்கு ரெண்டு. 100க்குப் போனா கால் மணித்தியாலந்தான்.

ரவி: 3 கூடினாலே இந்தப் பாடா? நம்ம தோட்டத்து நாள் சம்பளத்துல 1000 ரூவாவத் தொட 2021 வரைக்கும் இழுத்தானுங்களே!

ஆறுமுகம்: அதக் கேட்டுக் கத்துனதுலயும் என் காது கொஞ்சம் போயிருக்கும்.

ரவி: மருந்து ஏதும் குடுத்தாங்களா?

ஆறுமுகம்: உள்ளுக்கு சத்தத்தப் புடிக்கிற பொடிப்பொடி செல்லு, ஒரு காதுக்கு 15,000 மட்டுல இருக்காம். கவ்வாத்து வெட்டுன தேயில திரும்பத் துளுக்கும். இது செத்தா துளுக்காது. மிச்சமுள்ளதக் காப்பாத்துங்கன்னு அனுப்பிட்டாங்க.

ரவி: அப்பவே காதுக்கு ஏதாச்சும் மாட்டியிருக்கலாம்ல?

ஆறுமுகம்: குடுத்தாங்களே, ரெண்டு காதையும் மூடுற மாதிரி. தொரை ரவுண்ட்ஸ் வந்தா மாட்டுவோம், போனா சொவத்து ஆணியில தொங்கவிட்டுருவோம். அந்த ஆணிக்கு இன்னமும் நல்லா காது கேக்கும்.

ரவி: நான் பஞ்சு வச்சுக்கிறேன்.

ஆறுமுகம்: பஞ்சு குளிருக்கு. சத்தம் அதுக்குள்ளால நடந்தே போயிரும். வண்டிய ஓரங்கட்டு, ஒண்ணு காட்டுறேன். (சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவில் மஞ்சள் ஸ்பொஞ்ச் ஒன்றை எடுக்கிறார்.) இத வெரலால உருட்டி உருட்டி மெல்லிசாக்கணும். மத்தக் கைய தலைக்கு மேலால கொண்டுவந்து காத மேல பின்னுக்கு இழுக்கணும்.

ரவி: சின்ன வயசுல வாத்தியார் இழுத்த மாதிரியே இருக்கு.

ஆறுமுகம்: அவரு சும்மா இழுத்தாரு. இப்ப உள்ள விட்டு, அது ஊதி அடைக்கிற வரைக்கும் வெரல எடுக்காத. வண்டி ஓட்டுறப்ப போட்றாத, பின்னால வர்ற பஸ்ஸு கேக்காது. அடுத்த திருவிழாவுக்கு வச்சுக்க. பெட்டிக்கு எட்டவும் நில்லு.

(லயத்து முடக்கில் வண்டி நிற்கிறது. இதுவரை பேசியதெல்லாம் ரவிக்குப் பொதுவிஷயம். இனிமேல்தான் தொழில்.)

ரவி: காசு மாமா. ஏறுறப்பவே சொன்னேனே, அறுநூறு.

ஆறுமுகம்: பாட்டு ஓடுறப்ப சொன்னியா?

ரவி: ஆமா...

ஆறுமுகம்: எனக்கு "நூறு" மட்டுந்தான் கேட்டுச்சு. நூறுன்னு நம்பித்தான் ஏறினேன்.

ரவி: மாமா, பெற்றோல் விக்கிற வெலையில...

ஆறுமுகம்: தாளக் காட்டவா?

ரவி: வேணாம், நானூறு தாங்க. (வாங்கி இரண்டு தடவை எண்ணுகிறான்) இனிமே ஆள் ஏறுறப்ப பாட்ட நிப்பாட்டிருவேன் மாமா, சத்தியமா.

ஆறுமுகம்: ஏறின பெறகு?

ரவி: அதான் காசு பேசியாச்சே!