பூதத்துக்கு எதுக்குங்க சோகக் கதை?

போன ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு ஏற்காடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவன் கணக்கு வாத்தியார். முந்தின ராத்திரி ஏதோ மாயாஜாலத் தொடர் பார்த்திருக்கிறான். "பறக்கற குதிரை, பேசற மலை எல்லாம் சரிடா. ஒரு கேரக்டர்கூட நம்மள மாதிரி இல்ல. கனெக்டே ஆகல" என்று ஆரம்பித்தான். 20 கொண்டை ஊசி வளைவிலும் இதே பேச்சு. அங்கே சொன்னதையும், வயிற்றைப் பிரட்டியதில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் ஆயா தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே கதை சொல்லும். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, அதற்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, அந்தக் கிளியிடம் ராட்சசன் உயிர். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இளவரசனுக்குப் பெயர்கூடக் கிடையாது. என்ன படித்தான், அப்பனோடு சண்டையா, ஒன்றும் தெரியாது. கிளியின் காலை ஒடித்ததும் எங்கோ காட்டில் வந்துகொண்டிருக்கும் ராட்சசன் நொண்டுவான். இறக்கையைப் பிய்த்தால் அவன் கை தொங்கிவிடும். சரியாக அந்த இடத்தில் ஆயா ராட்டையை நிறுத்தும். கிர்ர் என்ற சத்தம் நின்றதுமே எனக்கு அடிவயிறு கலங்கும். நொண்டிக்கொண்டே ஓடி வருகிறானே, வந்து சேர்வதற்குள் கழுத்தைத் திருகியாக வேண்டுமே!

ஏழு வயதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் கணக்குதான். கிளிக்கு என்ன ஆகிறதோ அது அவனுக்கும் ஆகும். கதை அந்த விதியை ஒரு இடத்திலும் மீறவில்லை. இப்போது எனக்கும் பிள்ளை இருக்கிறது. காய்ச்சலோடு அவளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரு நாள், உயிரை வேறெங்கோ வைத்துவிட்டு வெளியே அலைகிறவனின் பாடு என்னவென்று தெரிந்தது. ராட்சசன் கொஞ்சமும் என்னை மாதிரி இல்லை. அவன் மாட்டிக்கொண்ட இடம் எனக்குத் தெரிந்த இடம், அவ்வளவுதான்.

பஸ் மலையேறுவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் போகிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, இன்று அந்த நுழைவாயில்தான் அடையாளத்துக்கு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. அந்தப் பழைய அரபுக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அலிபாபா இல்லை, அவன் அண்ணன். குகைக்குள் போய், கண்கொள்ளாத பொன்னைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கும் சொல்லை மறந்து நிற்கிறானே, அவன். அவனைப் பற்றிப் பேராசைக்காரன் என்பதைத் தவிர நமக்கு என்ன தெரியும்? ஆனால் ஏடிஎம்மில் பின் நம்பர் மறந்து, பின்னால் நாலு பேர் உச்சுக்கொட்ட நின்ற எவனுக்கும் அவன் வியர்வை புரியும். (செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு இது நடந்திருக்கிறது. கார்டையும் மெஷின் விழுங்கிவிட்டது.)

வாத்தியார் விடவில்லை. "அப்ப ஒரு ஆளாச்சும் நம்மள மாதிரி வேணாமா?" சரி, வேண்டும்தான், அதுவும் நீளமான கதையென்றால். அதற்கும் நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வழி இருக்கிறது. கட்டை கட்டி, முகத்தில் வண்ணம் பூசி, திரைக்குப் பின்னாலிருந்து கர்ஜித்துக்கொண்டு வரும் துரியோதனன் நம்மைப் போல இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் கட்டியங்காரன் நிற்கிறான். ரேஷன் கடை வரிசை, பக்கத்து ஊர் வம்பு எல்லாம் பேசுகிறான், நாம் கேட்க நினைத்ததை ராஜாவிடமே கேட்டுவிடுகிறான். நம்ம ஆள் ஒருத்தன் மேடையில் இருக்கிறான், போதும். துரியோதனனையும் ரேஷன் வரிசையில் நிறுத்தினால் விடிய விடிய யார் பாயில் உட்கார்ந்திருப்பார்கள்?

இப்போது வரும் பல கதைகளில் அதைத்தான் செய்கிறார்கள். பூதம் என்றால் அதற்கு ஒரு சின்ன வயசு சோகம். சூனியக்காரி என்றால் காதல் தோல்வி. கண்ணீர் வரும், ஆனால் பயம் போய்விடும். கொல்லிப்பாவையை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டம், 1997 வரை எங்கள் சேலம்தான். நற்றிணையிலேயே அவள் இருக்கிறாள், சூறைக்காற்று அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் உருக் குலையாத பாவையாக. சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது பின்னால் வந்த வழக்கு. ஏன் சிரிக்கிறாள்? யாருக்கும் தெரியாது. நாளைக்கே யாராவது 'பாவையின் கண்ணீர்' என்று அவளுக்கு முன்கதை எழுதினால் நான் கட்டாயம் படிப்பேன், ஆனால் அப்புறம் அந்த மலைக்கு ராத்திரியில் போகப் பயம் இருக்காது. எனக்கு அது நஷ்டம்.

மேலே சேர்வராயன் கோயிலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே இருட்டு, ஈரம், எண்ணெய் வாசனை. இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கும்போது வெகுநேரம் பேச்சில்லை, தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கடைசி வளைவுக்கு முன்னால் என் தொடையில் தட்டினான்.

"ஏன்டா, அந்தக் கிளி... வலது கால ஒடிச்சா அவனுக்கும் வலது கால்தானே போகும்?"