செத்த நீரைச் சேமிப்பு என்று எழுத மாட்டேன்

நான் மொழிபெயர்த்த கட்டுரையில் நேற்று செய்யப்பட்ட திருத்தத்தைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய அந்தப் போர்த்துக்கீசியக் கட்டுரையில் இருந்த ‘வொலூமி மோர்ட்டு’ (செத்த கொள்ளளவு) என்பதை நான் ‘டெட் ஸ்டோரேஜ்’ என்று ஆங்கிலப்படுத்தினேன். திருத்தியவர் அதை அடித்துவிட்டு ‘டெக்னிக்கல் ரிசர்வ்’ (தொழில்நுட்பச் சேமிப்பு) என்று போட்டு, “இதுதான் கண்ணியம்” என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறார். கண்ணியமாம்!

மதகுக்குக் கீழே தங்கி, பம்பு வைத்தால் மட்டுமே எடுக்க முடிகிற நீருக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர்தான் ‘டெட் ஸ்டோரேஜ்’. நான் ஒப்பாரிக்காகக் கட்டியதல்ல. பிரேசிலின் சாவோ பாவுலோ நகருக்குக் குடிநீர் தரும் காந்தரெய்ரா நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, 2014 மே 15 அன்று அந்த நீரை இறைக்கத் தொடங்கினார்கள். ‘செத்த’ என்ற சொல் அரசுத் தரப்புக்குக் கசந்ததால் ‘ரெசெர்வா டெக்னிகா’ என்றார்கள், அதைத்தான் திருத்தியவர் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். மறுநாளே இருப்பு 8.2 சதவீதத்திலிருந்து 26.7 சதவீதமாக ஏறியது. ஏற்றியது மழையல்ல, அடியில் கிடந்த 18,250 கோடி லிட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நான் அங்கே வாடகை அறையில் இருந்தேன். இரவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். வீட்டுக்கார அம்மையார் குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுவார். குழாயில் நீர் நின்றதற்கும் ‘ரேஷன்’ என்று பெயரில்லை, ‘அழுத்தக் குறைப்பு’ என்றார்கள்.

மொழிபெயர்ப்பாளர் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்பீர்கள். அதிகாரி பேசிய வரிகளில் அவர் சொன்ன சொல்லையே வைத்தேன். மற்ற இடங்களில் துறையின் சொல்லை விட்டுவிட்டு அரசின் சொல்லை எடுப்பதா நடுநிலை? அங்குள்ள பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் நீர்மட்டம், கடல் மட்டத்திலிருந்து 895 அடிக்கு இறங்கி அணையைத் தாண்டி நீர் போக முடியாமல் போனால், அதை ‘டெட் பூல்’ (செத்த குளம்) என்று அமெரிக்க அரசுத் துறையே எழுதுகிறது. வாசகர் பயந்துவிடுவார் என்கிறார்கள், பயப்படட்டுமே.

இதையாவது பொறுத்துக்கொள்வேன், இன்னொரு சொல்லுக்கு நடந்ததைத்தான் முடியவில்லை. சொட்டு என்ற சொல்லிலிருந்து பிறந்த ‘எஸ்கோட்டாடு’, தீர்ந்த நீருக்கும், விற்றுத் தீர்ந்த நூலுக்கும், துவண்டுபோன மனிதருக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் இடத்துக்கு இடம் சொல் மாறும். கட்டுரையில் பதினோரு முறை வந்த அதற்கு, இடமறிந்து சொல் தேட எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. பதினோரு இடத்திலும் இப்போது ‘டிப்ளீட்டட்’ (இருப்பு தீர்ந்த) என்றிருக்கிறது. நாள் முழுவதும் வாளி சுமந்த பெண் ‘நான் எஸ்கோட்டாடா’ (துவண்டுபோனேன்) என்று உட்கார்ந்த இடத்தில் அவரையும் வற்றிய அணையாக்கிவிட்டார்கள். கட்டுரையின் கீழே மொழிபெயர்ப்பு என்று என் பெயர் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று காலையில் எழுதினேன், இன்னும் பதில் இல்லை.