குப்பைக் கிலோமீட்டர்களா?

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் 110 கிலோமீட்டர், அதுவும் பெரும்பகுதி கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகத்தில் ஓடுகிறேன் என்றதற்கு, "அத்தனையும் குப்பைக் கிலோமீட்டர்", அதாவது பயிற்சிக்குப் பயன்படாத வீண் ஓட்டம், என்று நண்பர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். இரண்டு நாளாகியும் அந்தச் சிரிப்பு செரிக்கவில்லை.

மெதுவாக ஓடுவது குப்பை அல்ல, அதிகமாக ஓடுவதும் குப்பை அல்ல. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மாதக்கணக்கில் ஓடும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. தசைகளில் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனைச் சிக்கனமாகச் செலவழித்துக் கொழுப்பை எரிக்க உடல் பழகுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடவைத்துத்தான் ஓட்டக்காரர் பீட்டர் ஸ்னெல்லைத் தயார் செய்தார். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது 800 மீட்டரில். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத அந்த ஓட்டத்துக்கே அவ்வளவு அடித்தளம் தேவைப்பட்டிருக்கிறது, 42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரம் ஓடும் எனக்கு மட்டும் அது குப்பையாம்.

என் முதல் மாரத்தானுக்கு நண்பர் சொல்லும் வழியில்தான் தயாரானேன்: வாரம் மூன்று நாள், 45 கிலோமீட்டர், அத்தனையும் மூச்சு முட்டும் வேகம். 33ஆவது கிலோமீட்டரில் தொடைகள் கட்டையாகிவிட்டன. சாலையோரத்தில் உட்கார்ந்து, பாதத்தை இறுக்கிய ஷூ லேஸை அவிழ்க்கப் பார்த்தேன்; விரல்கள் முடிச்சைத் தொட்டன, ஆனால் இழுக்கவில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிதான் குனிந்து அவிழ்த்துவிட்டாள். மீதி ஒன்பது கிலோமீட்டரும் நடைதான்.

அதிகம் ஓடினால் காயம் வரும் என்பீர்கள். எனக்கும் வந்தது, கீழ்க்கால் எலும்பில் நுண்விரிசல், பல வாரம் ஓட்டமே இல்லை. மூன்றே வாரத்தில், வாரத்துக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 95க்குத் தாவிய என் அவசரத்துக்குக் கிலோமீட்டர்கள் என்ன செய்யும்? இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும், எலும்புக்கும், தசையை அதோடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும் என்பதைப் படுத்துக்கொண்டே கற்றேன். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களே, எல்லோரும் இப்படி ஓடுங்கள் என்று நான் எப்போது சொன்னேன்? குறைவாக ஓடியே நன்றாக முடிப்பவர்களும் உண்டு. இருக்கட்டும், அவர்களுக்கு வாழ்த்துகள்.

பயிற்சி முறையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் இத்தனை வரி எழுதியிருக்க மாட்டேன். இதே நண்பர் தம் முதல் அரை மாரத்தானில், 18ஆவது கிலோமீட்டரில் ஓட்டத்தை விட்டுவிடப் பார்த்தபோது, என் நேரத்தை மறந்து, அவருடைய வேகத்துக்கு இறங்கி, கடைசிவரை பக்கத்திலேயே ஓடியவன் நான். மெதுவான அந்த மூன்று கிலோமீட்டரை அன்று அவர் குப்பை என்று சொன்னதாக நினைவில்லை. முடிவுக்கோட்டில் எடுத்த படம்தான் இன்றும் அவருடைய முகப்புப் படம். அதன் ஓரத்தில் தெரியும் முழங்கை என்னுடையது.