750 ரூபாய்ச் சீனச்சட்டி

ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு வீட்டில் என்ன நடந்தது என்று இனி யாரும் இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். போட்டோதான் எல்லோர் போனிலும் சுற்றுகிறதே. ஆமாம், தங்கச்சி மகளுக்கு அந்த இரும்புச் சீனச்சட்டியைக் கொடுத்தது நான்தான். வடசேரியில் 750 ரூபாய்க்கு வாங்கினேன். "பழைய இரும்புக் கடையில எடுத்ததா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுச் சிரித்தார்களே, அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சட்டிக்கு விலையைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். தீயலுக்கு, அதாவது வறுத்த தேங்காயை அரைத்து வைக்கிற புளிக்குழம்புக்கு, தேங்காய் வறுத்தவர்களுக்கு இது தெரியும். துருவலும் நாலு சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, சிறு தீயில் கை எடுக்காமல் கிளற வேண்டும். பொன்னிறம் தாண்டி, காப்பிப்பொடி நிறமாகி, எண்ணெய் கசியும் வரை. கனத்த இரும்பு சூட்டைப் பிடித்துவைத்து நிதானமாகக் கொடுக்கும். மெல்லிய சட்டியில் நடுவில் கரிந்து ஓரம் வெளுத்துக் கிடக்கும். தேங்காய் கரிந்தால் தீயல் கசக்கும், அப்புறம் என்ன செய்தும் பயனில்லை. சீனர்கள் மெல்லிய இரும்பில்தானே சமைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அவர்கள் பெரிய தீயில் சட்டென்று வதக்கி இறக்குகிறவர்கள். நமக்கு அரை மணி நேர வறுவல்.

விலை கூடினால் நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படி நம்பித்தான் 2,400 ரூபாய்க்கு நான்ஸ்டிக் சட்டி வாங்கினேன். மகன் முதல் சம்பளத்தில் அனுப்பிய பணம். கீறல் விழக் கூடாது என்று மர அகப்பை மட்டும் போட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். இரண்டாவது வருடம் பீன்ஸ் துவரனில் கறுப்பாக ஏதோ கிடந்தது. கடுகு என்று நினைத்துக் கடித்தேன். சட்டியின் பூச்சு. 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் அது சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் மறந்து வைத்தால் சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். இதை விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

இரும்பு துருப்பிடிக்கும், சரி. கழுவின உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பிடிக்காது. கனம் என்கிறீர்களா? கை வலிக்கிறவர்கள் அடி தடித்த எவர்சில்வர் வாங்கட்டும். இரும்புக்குப் புளி ஆகாதே என்கிறீர்களா? புளி விட்ட மீன் கறிக்கு மண்சட்டி இருக்கவே இருக்கிறது.

ஆனால் அன்றைக்குச் சிரித்தது சட்டியைப் பார்த்து இல்லை, விலையைப் பார்த்து. பெரிய பெட்டியோடு வந்தவர்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். என்னை "சாப்பிட்டீங்களா" என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. அந்தச் சட்டியை ஒரு வாரம் பழக்கினேன். மூன்று நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்து, பிறகு எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயம் வதக்கிக் கொட்டி, மறுபடியும் எண்ணெய். வெள்ளைத் துணியால் துடைத்து, கறை ஒட்டாத பிறகுதான் பேப்பரில் சுற்றினேன்.

என் தங்கச்சி மகளே, நீ இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய். ராத்திரி அதைச் சிங்கில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டுவிடாதே.