கணவருக்கும் வேலை இருந்தால் மகப்பேறு விடுப்பு குறையுமா?

"இருவரும் சம்பளக்காரர்கள் என்றால் மனைவிக்கு 12 வார விடுப்புதான்" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஜவுளிக்கடையில் பில் போடும் என் தங்கச்சி அதைப் படித்துவிட்டு, "வேலையை விட்டுடவாக்கா?" என்கிறாள்.

தவறான தகவல் அது. கணவர் வேலையைச் சட்டம் கேட்பதே இல்லை. 10 பேராவது வேலை பார்க்கும் கடையில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. 12 வாரம் என்பது ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவர்களுக்கு. யாரோ பாதி படித்திருக்கிறார்கள்!

அப்புறம், 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும். 'ஆச்சி பார்த்துக்கொள்ளட்டும்' என்று முதலாளி கைகழுவ முடியாது.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தையும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பையும் அரசின் சட்டங்கள் இருக்கும் 'இந்தியா கோட்' இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.